அசையும் அழுத்தமும்



வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணமா என்று வியக்க வேண்டா. நேர்முகத் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்கத் தயங்கும் இளைஞர் நம்மிடையே பலர். நல்ல உச்சரிப்பு பிறந்த குடியால் வருவது என்னும் எண்ணமே அத்தயக்கத்தின் வேர். அஃது எண்ணிக் கற்கத்தக்க கணக்கே என்பதை ஒரு சொல்லைக் கொண்டு காண்போம்.

இரக்க நெஞ்சமுள்ள என்னும் பொருள் தரும் ‘கைண்ட்-ஹார்ட்டெட்’ என்பது கூட்டுப் பெயரடை. அசை காண எழுத்துகளை எண்ணாது, ஒலிக்கும் உயிர்களையே எண்ணுதல் வேண்டும். கைண்ட், ஹார், டெட் என மூன்றசை. ஆங்கிலத்தின் இருவகை டகர ஒலிகளுள் ஒன்றில் முடியும் சொல்லோடு ‘எட்’ விகுதி சேரின் அது தனி அசையாகும். பிற இடங்களில் பெரும்பாலும் ஆகாது. ஆதலின் ‘குட்-நேச்சர்ட்’ என்பதும் குட், நே, சர்ட் என மூன்றசையே.

நாம் தமிழ் வழக்கப்படி ஈற்றில் உகரம் சேர்த்து, ‘கைண்டு ஹார்ட்டெட்டு’ என்போமாயின் மூன்றசை ஐந்தசையாகிவிடும். கேட்போர் தடுமாறுவது இங்கேதான்.

இனி அழுத்தம். தமிழில் நேரசை, நிரையசை என மாத்திரை நோக்கி அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கி ஒலிக்க, ஏனையவை தாழும். ‘அவர் கைண்ட்-ஹார்ட்டெட்’ என்று வாக்கியம் முடியுங்கால் முதன்மை அழுத்தம் ‘ஹார்’ என்பதன் மீது விழும். ‘கைண்ட்’ துணை அழுத்தம் பெறும். ‘கைண்ட்-ஹார்ட்டெட் டீச்சர்’ எனப் பெயர்ச்சொல் பின்வரின், டீச்சரின் முதலசையும் ஓங்குவதால் பெயரடையின் அழுத்தம் முன்னோக்கி நகர்ந்து ‘கைண்ட்’ என்பதைச் சேரும். ‘வெல்-நோன்’ என்பதற்கும் இதுவே முறை. ஆயினும் எல்லாக் கூட்டுச் சொற்களும் இவ்வாறு அல்ல. ‘ஹோம்சிக்’, ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆகியவை எங்கு வரினும் முதற்சொல்லிலேயே அழுத்தம் பெறும்.

ஐயம் எழுந்தால் அகராதியைத் திறப்போம். உச்சரிப்பைக் காட்டும் பகுதியில் அசைக்கு முன் மேலே நிற்கும் சிறு கோடு முதன்மை அழுத்தத்தையும், கீழே நிற்பது துணை அழுத்தத்தையும் குறிக்கும். அக்கோடு எவர் வீட்டுப் பிள்ளை படிக்கிறான் என்று பார்ப்பதில்லை.

நாள்தோறும் ஐந்து சொற்களை அசை பிரித்து, அழுத்தம் குறித்து, உரக்கப் படிப்போம். நம் இரவுப் பாடசாலைகளில் அக்குரல் கேட்கட்டும். அறிந்த விடையை அஞ்சாது சொல்லும் தலைமுறை நம்மிடமிருந்து எழட்டும்.