நாலாவது இடத்து நாயகன்

அவைத் தலைவர் அவர்களே, விளையாட்டுக் கழகத்துப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற தம்பிகளே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் முதல் பரிசு வாங்கியவர்களின் பட்டியலைப் படித்தார். நீளமான பட்டியல். நான் நாலாவது இடம் வாங்கிய ஒருவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள்! கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் 1933இல் பிறந்த கறுப்பினத்துப் பிள்ளை. இரண்டு மீட்டர் உயரம். பேர்போன பல்கலைக்கழகம் எதிலும் படிக்கவில்லை. லொரெட்டோ என்கிற சின்ன ஊரில் செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி. 1955இல் அந்தக் கல்லூரி நியூயார்க்குக்கு என்.ஐ.டி. கூடைப்பந்துப் போட்டிக்குப் போகிறது. அரையிறுதியில் டேட்டன் அணி. ஸ்டோக்ஸ் ஒருத்தன் மட்டும் 43 புள்ளி! கூடுதல் நேரம் வரைக்கும் இழுத்துப் பிடித்துத் தோற்றார்கள். மூன்றாம் இடத்து ஆட்டத்திலும் தோற்றார்கள். கோப்பை டூக்கேன் அணிக்குப் போனது. ஆனால் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? நாலாவது இடத்துக்காரனுக்கு! இப்போது கைதட்டுங்கள்.

அப்புறம் தொழில்முறை லீக். ராச்செஸ்டர் ராயல்ஸ் அணியில் முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளி; கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டு 20. அடுத்த ஆண்டு பருவம் முழுக்கப் பிடித்த ரீபவுண்டு 1,256. அதுவரை அந்த லீகில் யாரும் தொடாத கணக்கு. ஆடியது மூன்றே பருவம், மூன்றிலும் ஆல் ஸ்டார். அணி சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தது, இவனும் போனான்.

1958 மார்ச் 12. மினியாபொலிஸில் லீக் சுற்றின் கடைசி ஆட்டம். கூடையை நோக்கிப் பாய்ந்தவன் இடிபட்டு விழுகிறான். தலை தரையில் மோதுகிறது. நினைவு போய்விட்டது. மூக்கில் உப்பு மருந்தைக் காட்டி எழுப்பினார்கள். எழுப்பி? மறுபடியும் ஆட விட்டார்கள்! யார் அந்த மகராசன்? "ஒன்றுமில்லை, போய் ஆடு" என்று அனுப்பிவைத்த மகராசன் யார்? மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் இன்னொரு ஆட்டமும் ஆடினான்; அதிலும் 15 ரீபவுண்டு. திரும்பி வரும் விமானத்தில் விழுந்தவன்தான். உடம்பு முழுக்கச் செயலிழந்துவிட்டது. வயது 24.

லீகில் அப்போது மருத்துவக் காப்பீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்து லட்சம், ஐயா!

நம்ம பக்கத்திலும் பிள்ளைகளை இப்படிக் கைவிடுகிற பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வீட்டுச் சுவரில் போஸ்டர். ஒரு பிள்ளை பதக்கத்தோடு ரயிலிறங்கினால் ஸ்டேஷன் வாசலில் ஃபிளெக்ஸ். அதில் இவர் படம் ஆளுயரத்துக்கு, ஜெயித்த பிள்ளையின் படம் மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு! அதே பிள்ளைக்குக் கால் எலும்பு முறிந்தால் இவர் போன் ஸ்விட்ச் ஆஃப். போன வருஷம் நானே கூப்பிட்டுப் பார்த்தேன்... வேண்டாம், தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். கதைக்கு வருகிறேன்.

அதே அணியில் ஜாக் ட்வைமன் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. வயது 23. இவனும் ஸ்டோக்ஸும் உயிர்த்தோழர்களா என்றால் இல்லை. ஒரே அணி, அவ்வளவுதான். ஸ்டோக்ஸின் குடும்பமோ பிட்ஸ்பர்க்கில். வங்கியில் கிடந்த அவன் பணத்தை எடுத்து அவனுக்கே செலவழிக்க ஆளில்லை. ட்வைமன் கோர்ட்டுக்குப் போனான். சட்டப்படி நானே காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டான். தென் மாநிலங்களில் குடிதண்ணீர்க் குழாய்கூட வெள்ளைக்கு வேறு, கறுப்புக்கு வேறு என்று இருந்த காலம், மறந்துவிடாதீர்கள். ஆட்டமில்லாத மாதங்களில் அவன் பார்த்த வேலை என்ன தெரியுமா? காப்பீட்டு வேலை! காப்பீடே இல்லாத லீகில் காப்பீட்டுக்காரன் ஒருத்தன் காப்பாளனாக வந்தான். ஒஹாயோ மாநிலத்தோடு வழக்காடி, இது தொழிலில் பட்ட காயம் என்று நிறுவி, இழப்பீடும் வாங்கினான்.

அந்த ஆஸ்பத்திரி அறையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஸ்டோக்ஸுக்குப் பேச்சு வராது, கை அசையாது. புத்தி மட்டும் தெளிவு. ட்வைமன் பக்கத்தில் உட்கார்ந்து ஏ, பி, சி என்று சொல்லிக்கொண்டே போவான். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் இமைப்பான். அதைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் ஏ-யிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சொல்லை முடிக்க எத்தனை தடவை! இதைச் செய்தவன் சும்மா கிடந்த ஆளும் இல்லை. 1959–60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31 புள்ளிக்கு மேல் அடித்த நட்சத்திரம். பல வருஷப் பயிற்சிக்குப் பிறகு ஸ்டோக்ஸின் விரல் டைப்ரைட்டர் சாவியைத் தொட்டது. முதலில் அடித்தது ஜாக்குக்கு நன்றிக் கடிதம்!

பணத்துக்கு? மில்டன் குட்ஷர் என்ற ஓட்டல்காரர் நியூயார்க் மலைப்பக்கத்துத் தன் ஓட்டலில் கோடைதோறும் நிதி திரட்டும் ஆட்டம் நடத்தினார். வில்ட் சேம்பர்லின் மாதிரி ஜாம்பவான்களெல்லாம் வந்து ஆடினார்கள். யாரும் ஃபிளெக்ஸ் வைத்ததாகத் தெரியவில்லை!

பன்னிரண்டு வருஷம் போராடி, 1970 ஏப்ரலில் 36 வயதில் ஸ்டோக்ஸ் போய்ச் சேர்ந்தான். அவன் விருப்பப்படியே படித்த கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லூரி விளையாட்டு மையத்துக்கு அவன் பெயர்தான். கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவனைச் சேர்த்துக்கொண்டது 2004இல். செத்து 34 வருஷம் கழித்து! அவன் சார்பில் மேடையேறியது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? 2013 முதல் சிறந்த சக ஆட்டக்காரருக்கு இருவர் பெயரிலும் விருது கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மினியாபொலிஸில் அவனை மறுபடி ஆட அனுப்பிய அந்த மகராசனை மட்டும் என்னால் விட முடியவில்லை.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன் ஐயா. சீட்டின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. இந்தக் கழகத்துப் பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு எந்தத் தேதியிலிருந்து என்று அதில் எழுதிக் கொடுங்கள், ஒலிபெருக்கி என் கையில் இருக்கும்போதே வாசித்துவிடுகிறேன்.