முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்தவன், வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினியரிங் பற்றிப் பேச இவர் யார் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் என் தப்பு ஒன்றை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் ரிப்போர்ட் வந்ததும் கமிட்டியில் முதலில் என்னிடம்தான் கொடுத்தார்கள். எண்பது பக்கம். நான் நேரே கடைசிக்குப் போனேன். பார்க்கிங் தூண்களில் துளைத்து எடுத்த கான்கிரீட் மாதிரிகளின் சராசரி வலிமை 18.02, வேண்டியது 17 என்று இருந்தது. "பாஸ்தான், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் நம்பினீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய பழக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்டு, ரிப்போர்ட்டில் அங்கங்கே இருந்த எண்களை ஒரே இடத்தில் எழுதினேன்.

கான்கிரீட் வலிமை (நியூட்டன் / சதுர மி.மீ.), எம்20 கலவை

தூண் | கிடைத்தது | வேண்டியது | முடிவு | பக்கம்
பம்ப் ரூம் ஓரம் | 13.9 | 15 | குறைவு | 47
லிஃப்ட் பக்கம் | 17.8 | 15 | சரி | 44
மாடிப்படி அடி | 18.5 | 15 | சரி | 45
ஜெனரேட்டர் பக்கம் | 18.6 | 15 | சரி | 42
கேட் பக்கம் | 19.2 | 15 | சரி | 41
பார்க்கிங் நடு | 20.1 | 15 | சரி | 43
ஆறின் சராசரி | 18.0 | 17 | சரி | 79

ஐ.எஸ். 456 விதி (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) இரண்டு நிபந்தனை வைக்கிறது. மாதிரிகளின் சராசரி, குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்தத் தனி மாதிரியும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20 என்றால் 20 நியூட்டன். ஆகவே 17, 15. நான் முதல் நிபந்தனையை மட்டும் பார்த்தேன்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம், ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டி மறைத்துவிடும் என்று முதல் வருடமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கேயும் அதே கதைதான். ஐந்து நல்ல தூண்கள் ஒரு பலவீனமான தூணை மறைத்துவிட்டன. ஆனால் பம்ப் ரூம் ஓரத் தூண் மேலே உள்ள பாரத்தைச் சராசரியாகத் தாங்குவதில்லை. அதன் பங்கை அதுவேதான் தாங்க வேண்டும்.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "47ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே சார்" என்றார். உண்மைதான், எழுதியிருந்தார். கணக்கில் குறை இல்லை. கண்ணில் படும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மறுநாளே வந்து அந்தத் தூணைச் சுற்றி முட்டுக் கொடுத்தார். அங்கே நின்ற மூன்று கார்களையும் மாற்றினோம்.

இனி லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு எதுவானாலும், ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை கேட்போம். அதில் இருக்க வேண்டியவை:

1. சி4, சி7 என்ற குறியீடு மட்டும் போதாது. நமக்குத் தெரிந்த இடப்பெயரும் வேண்டும்.
2. அலகு தலைப்பில் ஒரே தடவை. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போதும்.
3. கிடைத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வேண்டிய எண். எந்த விதிப்படி என்பதும்.
4. மோசமானது முதல் வரியில். சராசரி கடைசியில்.
5. சரியா, குறைவா என்று ஒரே சொல்லில் முடிவு.
6. முழுக் கணக்கு உள்ள பக்க எண். லெட்ஜரில் ஃபோலியோ எண் போடுவோமே, அதே மாதிரி. அட்டவணை கணக்குக்கு மாற்று இல்லை, கணக்குக்குப் போக வழி.

இந்தப் பக்கம் இல்லாமல் எந்த ரிப்போர்ட்டுக்கும் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதில்லை என்று இன்று தீர்மானம் போட வேண்டுகிறேன். அந்தத் தூணைப் பலப்படுத்தும் செலவுக்கான தீர்மானமும் அடுத்து வருகிறது. அதற்குக் கை தூக்குமுன், தயவுசெய்து முதல் வரியைப் படியுங்கள். என்னைப் போலக் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள்.