கருங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும்



வேலூர் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை பரந்து கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்தில், பாட்டனார் காலத்தில் மலைக்கல்லை உடைத்து அடுக்கி எழுப்பிய வீடுகளில் இன்றும் குடியிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளவே வந்திருக்கிறேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காரை உதிர்ந்து சந்து விழுந்திருப்பதைக் கண்டால், அதைச் சிமெண்டால் அடைத்துவிட அவசரப்படாதீர்கள்.

கருங்கல் ஜலத்தை அநேகமாக உள்ளே இழுப்பதில்லை. ஆகவே மழையில் சுவருக்குள் புகுந்த ஈரமும், அஸ்திவாரத்தின் வழியே மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் வெளியேறுவதற்குக் காரையே பிரதான மார்க்கம். நுண்ணிய துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டு உலர்த்துவதோடு, வேலூர் வெயிலில் கல் விரிந்து இரவில் சுருங்கும்போது தானும் சற்றே இணங்கிக் கொடுக்கிறது. சிமெண்டுக்கு அந்த இணக்கம் இல்லாமையால் கல்லின் ஓரத்தில் மெல்லிய விரிசல் விடுகிறது. அதன் வழியே புகுந்த மழைநீர் திரும்பி வர வழியின்றி, சுவரின் நடுவே நிரப்பியுள்ள மண்ணையும் பழைய காரையையும் கரைக்கத் தொடங்குகிறது. வெளிப்பார்வைக்குக் கெட்டியாக நிற்கும் சுவர் உள்ளே பலமிழந்து வருவதை, உள்ளறைப் பூச்சு ஓதம் ஏறி உதிரும்போதுதான் வீட்டுக்காரர் அறிகிறார்.

இந்தப் பிரதேசத்துக்கு வேறொரு சங்கடமும் உண்டு. பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு, கழுவுநீரோடு பல்லாண்டுகள் நிலத்தில் இறங்கியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தேசமறிந்த விஷயம். நிலத்தடி நீரிலுள்ள உப்பு ஓதத்துடன் சுவரில் ஏறி, ஈரம் உலரும் இடத்தில் படிகமாகிப் பருத்து, அங்கே உள்ளதைப் பொடியாக்குகிறது. பொடிந்து போவது காரையாக இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி அடைத்துக்கொள்ளலாம். சிமெண்டால் வழி அடைபட்டுச் சுவரின் உள்ளீடு பொடிந்துபோனால் யார் என்ன செய்ய முடியும்?

தோல் தொழிலாளிகளுக்குச் சுண்ணாம்பின் சுபாவத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. தோலிலிருந்து ரோமத்தைப் பிரிக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பதும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோகாதிருக்கக் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பதும் அவர்களுடைய நெடுநாளைய வழக்கங்கள். சுண்ணாம்பு, கடுக்காய் ஆகிய அந்த இரண்டு சரக்குகளுமே கொத்தனாரின் காரையிலும் கூடுகின்றன என்பது எனக்கு மிகுந்த சந்தோஷம் தரும் செய்தி. இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் நீரில் சில நாள் ஊறப்போட்டு, அந்த நீரை விட்டுக் காரை அரைப்பது தமிழ்நாட்டுப் பரம்பரை. பழங்கட்டிடங்களைச் செப்பனிடும் தொல்லியல் துறையினர் இன்றும் கையாளும் முறையும் அதுவே. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் கற்களைப் பிணைத்ததும் சுண்ணாம்பும், சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கலந்த காரைதான்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி உஷ்ணத்தில் சுடும்போது, அது கரியமில வாயுவை இழந்து, 100 பங்கு எடை 56 பங்காகக் குறைகிறது. நீர் விட்டு நீற்றிச் சுவரில் அடைத்த பிறகு, இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மாதக்கணக்கில் நடைபெறும் இந்தக் காரியத்துக்கு ஈரமும் பொறுமையும் வேண்டும்.

வேலையைக் கடும் கோடையில் தொடங்காமல் மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்வது உத்தமம். பழைய காரையை உளியாலும் சிறு சுத்தியலாலும் கையால்தான் பெயர்க்க வேண்டும். சந்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் வரையாவது சுரண்டி, தூசியைத் துடைத்து, நன்றாக நனைத்துவிட வேண்டும். நீற்றிப் பல வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, களிமண்ணும் உப்பும் கலவாத, சலித்த ஆற்று மணல் ஏறத்தாழ மூன்று பங்கு போதுமானது. நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்களைக் காத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள். ஆழமான சந்தை ஒரே தடவையில் நிரப்பாமல், ஒரு படலம் இறுகிய பின் அடுத்ததை அழுத்திக் கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளடங்கி நிற்கும்படி முடித்து, ஒரு வாரமாவது ஈரக் கோணிச் சாக்கால் மூடிவைக்க வேண்டும்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டவர்கள் முழுவதையும் உடைக்கப் புறப்படக்கூடாது என்பது என் அபிப்பிராயம். தட்டிப்பார்த்து, வெற்றோசை கேட்கும் இடங்களை மட்டும் பெயர்த்துச் சுண்ணாம்பால் அடையுங்கள். இறுகப் பற்றியிருக்கும் இடத்தில் உளியை ஓங்கினால் கல்லின் விளிம்பே சிதறிவிடுமாதலால், சிமெண்ட் நெகிழும் வரை சில மழைக்காலம் காத்திருக்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது தரையை ஒட்டிய மூன்றடி உயரம். ஓதமும் உப்பும் ஏறுவது அங்கேதான்.