ஜாதகம் காப்பாற்றாத ஜனாதிபதி

(மார்க்கையன்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இங்கு வரும் வழியில் சின்னமனூரில் நாம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். ஏதோ ஒரு தேசத்து ஜனாதிபதிக்குச் செல்வாக்கு நாளுக்கு நாள் இறங்கி வருகிறதென்றும், காலம் முடியுமுன்பே அவர் ராஜீநாமாக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்றும் ஒருவர் சொன்னார். மற்றவர், “அதெல்லாம் பத்திரிகைக்காரன் கட்டிவிடுவது, அவருக்குச் சனி விலகட்டும், அப்புறம் பார்” என்றார். டீ ஆறுகிறவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தோழர்களே! இன்றைக்கு நம்மைப் பேசச் சொன்ன விஷயமும் அதுதான். ஜனங்கள் தூக்கி வைத்த ஒரு தலைவர் எப்படிக் கீழே வருகிறார், எப்போது போகிறார், யார் போகச் செய்கிறார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். இதற்கு அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. ராமேஸ்வரத்துக்கு அப்பால் ஒரு சிறு கடலைத் தாண்டினால் இலங்கை இருக்கிறது. அங்கே நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அண்ணன் கதை. மகிந்த ராஜபக்ஷ என்பவர் 2005ல் ஜனாதிபதியானார். 2010ல் மறுபடியும் ஜெயித்தார். இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் நிற்கக்கூடாது என்றிருந்த சட்டத்தை அந்த வருஷமே மாற்றிக்கொண்டார். அவருக்கு இன்னும் சுமார் இரண்டு வருஷ காலம் பாக்கியிருந்தது. இருந்தும் 2014 நவம்பரில் தாமாகவே முன்கூட்டி எலக்ஷனை அறிவித்தார். 2015 ஜனவரி 8ந் தேதி ஓட்டு என்று நாள் வைக்கப்பட்டது. அந்த நாளைப் பொறுக்கியெடுத்தவர் சுமணதாச அபேகுணவர்தன என்ற அவருடைய ஆஸ்தான ஜோசியர் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. வெற்றி நிச்சயம் என்று ஜோசியரும் சொன்னார். முடிவு என்ன? எதிரே நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு நூற்றுக்கு 51.28, இவருக்கு 47.58. கையிலிருந்த இரண்டு வருஷத்தையும் கிரகத்தின் பேச்சைக் கேட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நல்ல நாள் பார்த்துத் தொடங்கிய காரியம் கெட்டால், கெட்டது நாள் பார்த்தவரால் என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? ஒருபோதும் கிடையாது. ஜோசியர்களுக்கு அந்த ஒரு வசதி எப்போதும் உண்டு.

அடுத்தது தம்பி கதை. கோத்தபாய ராஜபக்ஷ 2019 நவம்பர் 16ந் தேதி நடந்த எலக்ஷனில் 69 லட்சம் ஓட்டுக்கு மேல், அதாவது நூற்றுக்கு 52.25 வாங்கி ஜெயித்தார். அனுராதபுரத்தில் புத்த விகாரையின் முன்னிலையில் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சிங்கள ஜனங்களின் ஓட்டைக்கொண்டே ஜெயிக்கலாமென்று தமக்குத் தெரியும் என்று அன்றைக்கே பேசினார். 2020 ஆகஸ்டில் நடந்த பார்லிமெண்டு எலக்ஷனில் அவர் கட்சிக்கு 225ல் 145 ஸ்தானம். அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தையெல்லாம் தம் கையில் சேர்த்துக்கொண்டார். ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓட்டு இருந்தது, பார்லிமெண்டு இருந்தது, பட்டாளம் இருந்தது, பிரதம மந்திரியாக அண்ணனே இருந்தார், பிக்குகளின் ஆசீர்வாதமும் இருந்தது. இவர் ஆலோசனை கேட்ட ஞானக்கா என்ற குறிசொல்லும் அம்மாளும் அனுராதபுரத்திலேயே இருந்தார்.

இத்தனையும் இருந்தும் 2022 ஜனவரியில் வெரிட்டே ரிசர்ச் என்னும் ஸ்தாபனத்தார் ஜனங்களைக் கேட்டுப் பார்த்தபோது, சர்க்கார் நடப்பது சரி என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் 10 பேர். அதே வருஷம் ஜூனில் கேட்டபோது 3 பேர்.

“நாட்டில் கோடிக்கணக்கான பேர் இருக்க, ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு இப்படிச் சொல்லலாமா?” என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகாமலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கரண்டியைவிட்டுக் கிளறித்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மேலாக மிதக்கும் சோற்றைப் பார்த்துப் பானையை இறக்குகிறவள் சமையல் தெரியாதவள். 1936ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை 20 லட்சத்துக்கு மேற்பட்ட பேரிடம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லிற்று. ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46ல் ஜெயித்தார். காரணமென்ன? அந்தப் பத்திரிகை டெலிபோன் வைத்திருந்தவர், மோட்டார் வைத்திருந்தவர் ஜாபிதாவைப் பார்த்துக் கடிதம் போட்டது. அந்தக் காலத்தில் டெலிபோன் வைத்திருந்தவனெல்லாம் பணக்காரன். பானையின் மேல்சோற்றை எடுத்துவிட்டார்கள். காலப் என்ற மற்றொருவர் மிகக் கொஞ்சம் பேரைத்தான் கேட்டார், ஆனால் எல்லாத் தரத்தாரையும் கலந்து கேட்டார், சரியாகச் சொன்னார். ஆகவே இந்தக் கணக்கும் தப்பலாம். தப்பினால் எங்கே தப்பிற்று என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வழியிருக்கிறது. ஜாதகம் தப்பினால் பரிகாரத்துக்குப் பணம் கேட்பார்கள். டீக்கடைத் தோழர்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நிற்க. 52 என்பது 3க்கு வந்தது எந்தக் கிரகத்தால்? கிரகம் ஒன்றும் வானத்தில் இல்லை, தோழர்களே. கொழும்பில் காகிதத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் விற்பனை மீதான வரியை நூற்றுக்கு 15லிருந்து 8ஆகக் குறைத்தார்கள். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருந்தது. சர்க்காரின் வருமானம் விழுந்தது. வெளிநாட்டார் கடன் கொடுக்கத் தயங்கினார்கள். அதன்மேல் கொரோனா வந்து வெளிதேசத்து யாத்திரிகர் வருவது நின்று டாலரும் நின்றது.

அப்புறம் செய்ததுதான் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ளவர்கள் நன்றாகக் கேட்கவேண்டிய விஷயம். 2021 ஏப்ரலில் ஒரே உத்தரவில் ரசாயன உரம் வெளியிலிருந்து வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். முன்னேற்பாடு கிடையாது, மாற்று உரம் போதுமானது கிடையாது, குடியானவனைக் கேட்டது கிடையாது. இந்தப் பக்கத்தில் லோயர் கேம்ப் முதல் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிறது. நாற்று நட்டு இருபது நாளில் “இனி யூரியா இல்லை, சாணத்தைப் போட்டுக்கொள்” என்று ஒரு உத்தரவு வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? வாங்கின கடனை எதைக்கொண்டு கட்டுவீர்கள்? இயற்கை உரம் கெடுதல் என்று நாம் சொல்ல வரவில்லை. மண்ணைப் பழக்க வருஷங்கள் வேண்டும். ஒரு கையெழுத்தில் மண் மாறாது. நவம்பரில் உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பருவம் போய்விட்டது. விளைச்சல் வெகுவாகக் குறைந்து, அரிசிக்குப் பஞ்சமில்லாதிருந்த நாடு அரிசியை வெளியிலிருந்து வாங்கிற்று.

அறிவு வேலை செய்யாத இடத்தில் வேறு சங்கதிகள் வந்து குந்திக்கொள்வது வழக்கம். 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கத்தில் தம்மிக்க பண்டார என்பவர், காளி தமக்குச் சொன்னாள் என்று தேனும் ஜாதிக்காயும் சேர்த்து ஒரு பாணியைக் காய்ச்சி, கொரோனாவுக்கு மருந்து என்றார். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள். சுகாதார மந்திரி பவித்ரா வன்னியாராச்சி அதை எல்லோரும் பார்க்கக் குடித்தார். அதற்கு முன்பே மந்திரித்த குடத்தை ஆற்றில் விட்டு நோயை விரட்டியவர் அவர். 2021 ஜனவரியில் அந்த மந்திரிக்கே கொரோனா வந்தது. காளிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பானை பானையாக அதைக் குடித்துவிட்டு வைத்தியரிடம் போகாமலிருந்த ஏழைக்குத்தான் நஷ்டம்.

2022 மார்ச்சில் காகிதமில்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சை நின்றது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் விளக்கு எரியவில்லை. மார்ச் 31 இரவில் ஜனங்கள் ஜனாதிபதியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். ஏப்ரல் 3ந் தேதி மந்திரிகள் ராஜீநாமாக் கொடுத்தார்கள். 9ந் தேதி முதல் காலிமுகத் திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “கோத்தா, வீட்டுக்குப் போ” என்றார்கள். வாங்கின வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 12ந் தேதி சர்க்காரே அறிவித்தது.

அது முதல் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுத்தான். போவாரா? எப்போது போவார்? ஆனால் போகச் செய்யச் சட்டத்தில் சுலபமான வழி இல்லை. நம் நாட்டில் பிரதம மந்திரியோ முதல் மந்திரியோ சபையில் மெஜாரிட்டி போய்விட்டால் அன்றைக்கே போகவேண்டியதுதான். இலங்கை ஜனாதிபதி ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுத்தவர். அவரை விலக்க மூன்றில் இரண்டு பங்கு பார்லிமெண்டு வேண்டும், சுப்ரீம் கோர்ட்டு விசாரணை வேண்டும். 2022 மே 17ந் தேதி அவர்மேல் அதிருப்தியைப் பற்றி விவாதிக்கலாமா என்றதற்கே 119 பேர் கூடாதென்றும் 68 பேர் வேண்டுமென்றும் ஓட்டுக் கொடுத்தார்கள். ஜனங்களில் நூற்றுக்கு 3, பார்லிமெண்டில் 119. இந்த இரண்டு எண்ணும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெளிநாட்டு நிருபரிடம் அவர், தோற்றுப்போன ஜனாதிபதியாகத் தாம் போகமுடியாதென்றும், ஐந்து வருஷத்துக்கு ஜனங்கள் கொடுத்த உத்தரவு இருக்கிறதென்றும், பாக்கிக் காலத்தை முடித்தே போவதாகவும் சொன்னார். ஜூலை 9ந் தேதி ஜனங்கள் அவருடைய மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ந் தேதி விடிவதற்குள் ஆகாய விமானத்தில் மாலத்தீவுக்கும், அடுத்த நாள் சிங்கப்பூருக்கும் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் ராஜீநாமாவை அனுப்பினார். ஐந்து வருஷத்துக்கு வந்தவர் இருந்தது இரண்டு வருஷமும் சுமார் எட்டு மாதமும். ஞானக்கா இதை முன்கூட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை. மே மாதக் கலவரத்தில் ஜனங்கள் கோபத்தோடு அந்தம்மாளின் இடத்துக்கும் போனார்கள் என்பதுதான் செய்தி. இதில் நமக்குச் சந்தோஷம் கிடையாது. மே 9ந் தேதி ஆளும் கட்சிக் கூட்டம் திடலில் இருந்தவர்களை அடித்தது. பதிலுக்கு வீடுகள் எரிந்தன. பார்லிமெண்டு மெம்பர் ஒருவர் உயிர் போயிற்று. குறிசொல்கிறவர் வீட்டைக் கொளுத்துகிறவனும் அவரிடம் காணிக்கை வைத்தவனும் பல சமயம் ஒரே ஆளாக இருக்கிறான்.

செல்வாக்குக் குறைந்தவுடன் எவரும் போய்விடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் ட்ரூமன் என்ற ஜனாதிபதிக்கு 1952ல் நூற்றுக்கு 22 பேர்தான் ஆதரவு. காலம் முடியும்வரை இருந்து 1953 ஜனவரியில்தான் போனார். நிக்ஸனுக்கு 1974 ஆகஸ்டில் 24. ட்ரூமனைவிட இரண்டு அதிகம். அவரோ 9ந் தேதி ராஜீநாமாக் கொடுத்தார். 1972ல் 50 ராஜ்யங்களில் 49ஐ ஜெயித்தவர் அவர். எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவு வேறு. ட்ரூமன் திருட்டுத்தனத்தை மறைத்தவர் என்று எவரும் நிரூபிக்கவில்லை. நிக்ஸன் தம் ஆட்கள் செய்த குற்றத்தை மறைக்கச் சொன்னது அவர் குரலிலேயே நாடாவில் பதிவாகியிருந்தது. சொந்தக் கட்சிப் பெரியவர்களே வந்து, உங்களுக்கு இனி சபையில் ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கொழும்பில் அப்படிச் சொல்ல வேண்டியவர்கள் கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தது தங்கள் நாற்காலியை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் 2019லேயே அவருக்கு விழுந்த ஓட்டு நூற்றுக்குப் 10கூட இல்லை. யுத்த காலத்தில் பாதுகாப்பு இலாகாவின் காரியதரிசியாக அவர் இருந்ததையும், 2009ல் முள்ளிவாய்க்காலில் நடந்ததையும் கண்ட ஜனங்கள் அவர்கள். தெற்கே உள்ளவர்களுக்கு உரமும் எண்ணெயும் நின்ற பிறகு தெரிந்தது, வடக்கே உள்ளவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்களை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கோத்தபாயவின் கணக்கில் அந்தச் சோறு பானையிலேயே சேராதது.

ஜூலை 20ந் தேதி பார்லிமெண்டார் 134 ஓட்டில் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கினார்கள். ஓடிப்போனவர் செப்டம்பர் 2ந் தேதி ஊர் திரும்பினார். 2024 செப்டம்பரில் ஜனங்கள் தாங்களே ஓட்டுப் போட்டு அனுர குமார திசாநாயக்கவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் நாளைக்கு எந்த எண்ணில் நிற்பார் என்று அங்கே இன்றும் ஆயிரம் பேரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேரமாகிவிட்டது; கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் எழுந்திருப்பது தெரிகிறது. இருக்கிறவர்களில் யாருக்காவது சந்தேகமிருந்தால் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். ஜோசியத்தில் நம்பிக்கையுள்ள தோழர்கள் முதலில் கேட்கட்டும்.