காயப்பட்ட பிள்ளையும் வகுப்பறையும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் ஊருக்குள் வந்த அந்த நாளை நம் அரியாங்குப்பம் கொம்யூன் மறக்காது. அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த துயரம் ஆறுமுன்னே அது வந்தது. வீடிழந்தோருக்கு அரிசி, துணி, வலை, படகு எல்லாம் கிடைத்தன. ஆனால், பள்ளி திறந்ததும் பெஞ்சில் வந்து அமர்ந்த பிள்ளையின் நெஞ்சில் இருந்த அச்சத்தை யார் பார்த்தார்கள்?

ஆசிரியர்களாகிய நாங்களே பார்க்கவில்லை. வகுப்பில் தூங்கிய ஒரு பையனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தோம். இரவில் அலைச் சத்தம் கேட்டு அவன் கண் மூடுவதில்லை என்று அவனுடைய பாட்டி வந்து சொன்ன பிறகே அறிந்தோம். வெட்கித் தலை குனிந்தோம்.

அதன் பிறகு நாங்கள் கற்றவை சில உண்டு. பயந்த பிள்ளை எப்போதும் அழுவதில்லை. அடிக்கடி வயிற்றுவலி என்னும், சிடுசிடுக்கும், தெரிந்த வாய்ப்பாட்டையும் மறக்கும். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. "நடந்ததைச் சொல்" என்று வற்புறுத்தவும் கூடாது. சுனாமிக்குப் பின் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். படம், விளையாட்டு, கதை இவற்றின் வழியே பிள்ளை தானாக மனம் திறக்கட்டும் என்பதே அந்த முறை. மணியும் பாடமும் மதிய உணவும் நேரப்படி நடந்தாலே பிள்ளைக்குப் பாதி ஆறுதல். ஒரு மாதம் கடந்தும் தேறாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பழைய அச்சம் புதிய பிள்ளைகளிடமும் வந்தது. கடலும் புயலும் மட்டுமா? குடியால் இரவெல்லாம் சண்டை நடக்கும் வீட்டுப் பிள்ளையும் காயத்தோடுதான் பள்ளிக்கு வருகிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் பிரம்பைத்தான் பறிக்கும்; பரிவை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே, இந்த யூபிலியின் நினைவாக ஒன்று செய்வோம். தூங்கி விழும் பிள்ளையைத் தண்டிக்குமுன், அருகில் சென்று, "ராத்திரி தூங்கினாயா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்போம். அன்று அந்தப் பையனிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.