விறகுச் சாற்றைத் தெளிய வைக்கும் நொதியம்

திருகோணமலைத் துறைமுகக் கரையில், சீனக்குடாப் பக்கம், டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் 10 மெகாவாற்று மின்நிலையம் 2008 இல் இயங்கத் தொடங்கியது. நெல் உமியும் கிளிசரியா விறகும் அதன் எரிபொருள். வேலியில் நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும் கிளிசரியாவைத்தான் 2005 இல் இலங்கை அரசு, தேயிலை, இறப்பர், தென்னையை அடுத்து நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது.

நேயர்களே, அந்தத் தடியோடு சேர்ந்து சர்க்கரையும் எரிந்து போகிறது.

கிளிசரியா போன்ற அகன்ற இலை மரங்களின் தடியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எமிசெலுலோசு. சர்க்கரைகள் கோத்த சங்கிலி அது. மரச் சீவல்களை மூடிய கலனில், அமுக்கத்தில், 150 முதல் 180 பாகை வெந்நீரில் அவித்தால் அது கரைந்து வரும். மரமே விடும் அசற்றிக் அமிலம் அதற்கு உதவும். மிஞ்சும் சக்கையைப் பிறகும் எரிக்கலாம்.

ஆனால் கிடைக்கும் சாறு கடுஞ்சாயத் தேநீர் போலக் கறுத்திருக்கும். மரத்திலுள்ள இலிக்னின் உடைந்து வந்த பீனோல்கள் அதில் கலந்திருக்கின்றன. அவை சர்க்கரையை எதனோலாக மாற்றும் மதுவத்தை வளரவிடாது, நுண்வடிகளையும் அடைத்துவிடும். சுண்ணாம்பும் கரியும் சாற்றைத் தெளிய வைக்கும்தான். கூடவே சர்க்கரையிலும் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும்.

இங்கேதான் இலக்கேசு என்ற நொதியத்தின் அருமை தெரிகிறது. 1883 இல் யப்பானிய அறிஞர் யொஷிடா அரக்கு மரப் பாலில் கண்டறிந்தது அது. மாரி மழைக்குப் பின் உக்கிய மரக்குற்றிகளில் விசிறியாக விரியும் காளான்கள் பலவும் அதைச் சுரக்கின்றன. நாலு செம்பு அணுக்கள் கொண்ட இந்த நொதியம் காற்றின் ஒட்சிசனை வாங்கி, பீனோல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. திரண்டவை அடியில் படியும், வடித்தும் எடுக்கலாம். ஒட்சிசன் நீராக மாறிவிடும். சர்க்கரை அப்படியே இருக்கும்!

சுவீடனில் வில்லோ மரச் சாற்றை இப்படிப் பதப்படுத்தியபோது மதுவம் கூடுதல் வேகத்தில் எதனோல் தந்ததை 1998 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் மதுவத்தைத் தடுக்கும் அசற்றிக் அமிலத்தையும், சர்க்கரை சிதைந்து உருவாகும் பர்பியூரலையும் இலக்கேசு நீக்காது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும். நொதியத்தின் விலையும் சின்னச் செலவல்ல.

இருந்தாலும் நீராவியும் விறகும் ஒரே இடத்தில் இருக்கும் திருகோணமலை, இதைச் செய்து பார்க்கப் பொருத்தமான ஊர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: கிளிசரியாவின் இலையிலும் பட்டையிலும் கூமரின் உண்டு. பீனோல் அல்லாத அதை இலக்கேசு எளிதில் தொடாது. ஆகவே பட்டை உரித்த தடியில்தான் முதல் பரிசோதனை தொடங்க வேண்டும்.