மான்களின் நோய் அறியும் கலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பு நாடி வடபுலம் வந்த நாம் வாழும் இந்த இசத்நகரில் இருப்புப்பாதை அலுவலகத்துடன் இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. 1889-இல் புனாவில் தோன்றி, முக்தேசுவரம் சென்று, பின்னர் இவ்வூரில் நிலைபெற்றது அது. பார்சல் கணக்கு எழுதும் நாம் மருத்துவர் அல்லோம். எனினும், உயிரியல் பூங்கா மான்களுக்கு நச்சுயிரி நோய் கண்டால் அதனை அறியும் வகையைச் சிறிது கூற விழைகிறோம்.

மான் தன் நோயை மறைக்கும் இயல்பினது; தளர்ச்சியைக் காட்டினால் புலிக்கு இரையாகும் அன்றோ? மாலையில் மேய்ந்தது காலையில் மாண்டு கிடப்பதும் உண்டு. பிடித்துக் குருதி எடுக்கலாமே எனின், துரத்திப் பிடிக்கும் அச்சத்தாலேயே தசை சிதைந்து அது இறக்கக்கூடும். ஆகவே, இறந்த ஒரு மானின் உடலே எஞ்சிய மந்தையைக் காக்கும் சான்றாகிறது.

காய்ச்சலும் வாய்ப்புண்ணும் எச்சில் ஒழுக்கும் கோமாரியில் உண்டு. நீலநாக்கு நோயிலும் உண்டு. செம்மறியாட்டிலிருந்து தொற்றும் 'மாலிக்னன்ட் கட்டாரல்' காய்ச்சலிலும் உண்டு. காப்பு முறையோ வெவ்வேறு. கோமாரி எனின் ஆள் நடமாட்டத்தைத் தடுத்தல் வேண்டும். நீலநாக்கு எனின் அதனைப் பரப்பும் நுண்ணிய கடிபூச்சி பெருகும் சேற்றை அகற்றல் வேண்டும். மூன்றாவது எனின் செம்மறியை அப்புறப்படுத்தல் வேண்டும். அந்த ஆடு நோயின்றித் துள்ளித் திரியும், மானே மாளும்.

திடீரென இறந்த மானின் காதுக் குருதியை முதலில் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து, அடைப்பான் நோய் அன்று எனத் தெளிந்த பின்னரே உடலைத் திறப்பர். மண்ணீரல், நிணநீர்க்கணு ஆகியவற்றின் ஒரு துண்டைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைப் பார்மலினிலும் இடுவர். முன்னதில் நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பி.சி.ஆர். முறையால் தேடுவர்; பின்னதில் திசுவின் சிதைவை உருப்பெருக்கியால் காண்பர். பிழைத்த மான்களின் குருதிநீரை இரண்டு, மூன்று வார இடைவெளியில் இருமுறை ஒப்பிட்டு, எதிர்ப்பொருள் உயர்ந்துள்ளதா என்றும் நோக்குவர்.

இத்துணை அறிவும் ஒரு சிப்பத்தின் பயணத்தை நம்பியிருக்கிறது. பனிக்கட்டி உருகினால் சான்று அழுகும். பெயர்ச்சீட்டு மாறினால் ஒரு பூங்காவின் நோய் மற்றொன்றின் கணக்கில் ஏறும். நம் போன்ற எழுத்தரின் கவனமும் உயிர் காக்கும் என்பதை இதனால் உணர்கிறோம்.

அன்பர்களே, குழந்தைகளுடன் பூங்கா செல்கையில் மானுக்குத் தின்பண்டம் எறியாதிருப்போம். கூட்டம் விட்டு ஒதுங்கி, செவி தாழ்ந்து நிற்கும் மானைக் கண்டால் உடனே காவலரிடம் கூறுவோம். வாயில்லா உயிருக்கு நம் வாய் உதவட்டும்.